எல்லாவற்றுக்கும் ஒரு 'லாம்'

மார்ச் 16, ஞாயிறு

இந்த டைரியை மருந்துக்கடைக்காரர் சும்மா கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வயிற்றுப்புண் மாத்திரைக்கு விளம்பரம் இருக்கிறது. ஜனவரியும் பிப்ரவரியும் காலியாகக் கிடக்கின்றன. அந்த இரண்டு மாதமும் எழுதி வைக்கிற அளவுக்கு ஒன்றும் நடக்காமல் நன்றாகத்தான் இருந்தோம்.

இங்கே பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் தணிகைவேல் ஆரணியில் மைக் செட் வைத்திருக்கிறார். பந்தல், சீரியல் லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறார். மாசித் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏறியவர் ஏணியோடு விழுந்தார். விழுந்தவர் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்லய்யா"ன்னு சொல்லி, மிச்சம் இருந்த ஸ்பீக்கரையும் கட்டி முடித்திருக்கிறார். சோடா குடித்திருக்கிறார். சாயங்காலம் மைக் டெஸ்ட் பண்ணும்போது பேச்சு குழறி அப்படியே சரிந்துவிட்டார். சென்னைக்குக் கொண்டுவந்தோம். தலையில் அறுவை செய்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. மூச்சுக்கு மிஷின் வைத்திருக்கிறார்கள்.

நான் ஐ.சி.யூவுக்கு வெளியே ஹாலில் இருக்கிறேன். இங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது. அவர் ஒன்பதாம் பெட், நான் ஒன்பதாம் பெட் அட்டெண்டர். "ஒன்பது!" என்று கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

சுஜிதாவுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ஆரணியில் என் மூத்தார் ஏகாம்பரம் மாமா வீட்டில் இருந்து படிக்கிறாள். அப்பாவுக்குத் தலையில் அடி, தையல் போட்டிருக்கிறது, பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். எங்கள் பக்கம் அப்படித்தான். பரீட்சை எழுதுகிற பிள்ளை காதில் துக்கச் செய்தி விழக்கூடாது. எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு அவன் தாத்தா செத்ததையே யாரும் சொல்லவில்லை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு விடுதியிலிருந்து வந்தவன் வாசலில் காரியப் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். பந்தல் நாங்கள் போட்டதுதான்.

மார்ச் 18, செவ்வாய்

மதியம் டாக்டர் வந்து ஒவ்வொரு வீட்டாரிடமும் நிலவரம் சொல்வார். டாக்டர் மொகந்தி ஒடிசாக்காரர். தமிழ் வராது. இங்கிலீஷில் சொல்வார், பக்கத்தில் நிற்கிற சிஸ்டர் தமிழில் சொல்வார்.

"ஒன்பது! ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" என்றார் சிஸ்டர்.

"நான்தான் இருக்கேன். அவரோட சம்சாரம்."

டாக்டர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே நாலு வாக்கியம் பேசினார். நிறுத்தி, யோசித்து, கையை இப்படி அப்படி ஆட்டிப் பேசினார். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "பாக்கலாம்மா, சரியாகலாம்" என்றார். அவ்வளவுதான். ஒரு குடம் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். டாக்டர் ஒரு இடத்தில் 'மே' என்றார், ஒரு இடத்தில் 'மைட்', இன்னொரு இடத்தில் 'குட்'. மூன்றும் வேறு வேறு வார்த்தை. சிஸ்டர் எல்லாவற்றுக்கும் ஒரே 'லாம்' போட்டு முடித்துவிட்டார். நான் படித்தது பி.ஏ. வரலாறு, தமிழ் வழி. சத்துணவு அமைப்பாளராக வேலை. எனக்குத் தெரிந்த ஒரே மே, வகுப்பு வாசலில் நின்று பிள்ளைகள் கேட்கிற 'மே ஐ கமின் மிஸ்'தான். அந்த மே இங்கே எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

துணி துவைத்தேன். காயப்போட இடம் இல்லை. ஈரப் புடவையை நாற்காலி முதுகில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

சாயங்காலம் சுஜியோடு போனில் பேசினேன். இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தாள்.

"சுஜி, மே-ன்னா என்ன, மைட்-ன்னா என்ன?"

"ஏம்மா, நீயா எக்ஸாம் எழுதப் போற?"

"பக்கத்து சீட்டு அம்மா கேட்டாங்க. சொல்லேன்."

அவளுக்கு டீச்சர் வேலை பார்ப்பதென்றால் கொள்ளை ஆசை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "எங்க மிஸ் மழையை வச்சுச் சொல்லுவாங்க. வானம் நல்லா கறுத்திருக்குன்னு வை, மழை வரலாம். அது மே. பாதிக்குப் பாதி. ஏதோ ஒரு மூலைல கொஞ்சூண்டு மேகம் இருக்கு, வந்தாலும் வரலாம், அது மைட். அதை நம்பி வடாம் பிழியாம இருக்க வேண்டியதில்ல."

"குட்?"

"நடக்க ஒரு வழி இருக்குன்னு அர்த்தம். அது நடக்கலாம், வேற ஒண்ணும் நடக்கலாம். ரெண்டுக்கும் குட் போடலாம்."

"கேன்-னு ஒண்ணு இருக்கே, முடியும்னு சொல்றது?"

"அது பொதுவா சொல்றது. கோடைலகூட மழை பெய்யும்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி. இன்னிக்குப் பெய்யும்னு அர்த்தம் இல்ல. அம்மா, அப்பா தூங்கறாரா?"

"தூங்கறாரு."

அது ஒன்றும் பொய் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

இன்று டாக்டர் மே சொன்னார். தெளிவாக இரண்டு தடவை காதில் விழுந்தது. கீழே போய் இட்லி சாப்பிட்டேன். வந்த பிறகு இதுதான் முழுசாகச் சாப்பிட்ட சாப்பாடு.

மார்ச் 22, சனி

ஏகாம்பரம் மாமா வந்தார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன், ஆனால் அப்பா மாதிரி. சிஸ்டருக்கு முகமே மலர்ந்துவிட்டது. "ஜென்ட்ஸ் வந்துட்டீங்களா, உள்ள வாங்க சார்" என்று கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போனார். என்னிடம் மாமாவின் பையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் டாக்டர் மாமாவுக்கு நாற்காலி போட்டிருந்தார். எனக்கு ஒரு நாளும் போட்டதில்லை. அங்கே இன்னொரு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மொழிபெயர்த்தார்.

மாமா வெளியே வந்ததும் நேரே முகம் கழுவப் போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார்.

"என்ன மாமா சொன்னாரு?"

"அதேதாம்மா. பாக்கலாம்னாரு."

கீழே அழைத்துப் போய் இளநீர் வாங்கிக் கொடுத்தார். மாமா கையால் செலவழித்து நான் பார்த்ததில்லை, எனக்கே சிரிப்பு வந்தது. சுஜிக்குக் கடைசிப் பரீட்சை என்றைக்கு என்று கேட்டார். ஏப்ரல் பதினைந்து என்றேன். இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, மறுபடியும் மேலே போய் டாக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். பிள்ளையின் படிப்பில் அவருக்கு எப்போதும் அக்கறை.

மார்ச் 24, திங்கள்

மைட்.

சாப்பிடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஆறாம் பெட்டின் அட்டெண்டர் பவுனம்மா. பெரியபாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கும். மகன் பைக்கில் போய் லாரியில் மோதிவிட்டான். ஒரு மாதமாக இங்கேதான் இருக்கிறார். நான் டைரியில் டாக்டர் சொன்ன வார்த்தையைக் குறித்து வைப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மார்க் போடுறியா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன்.

"எனுக்கு அதெல்லாம் வாணாம். அந்தாளு மூஞ்சைப் பாத்தாலே தெரியும்" என்றார்.

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெர்ல."

இருவரும் சிரித்தோம். இந்த ஹாலில் யாரும் சிரிப்பதில்லை, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஐந்து நிமிஷம் பார்க்க விடுகிறார்கள். பச்சை அங்கி, தலைக்குத் தொப்பி. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். வேறு என்ன செய்வது? காலைப் போர்வையால் மூடிவிடுகிறேன். அவர் வீட்டில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். உப்பு வேண்டும் என்பதையே மைக்கில் சொல்கிற மாதிரி சொல்வார். நான் எத்தனையோ தடவை "வால்யூமைக் குறைங்க" என்று கத்தியிருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

சுஜிக்குத் தமிழ்த் தேர்வு. நன்றாக எழுதினாளாம். அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். சொல்கிறேன் என்றேன்.

இன்று மே.

மார்ச் 30, ஞாயிறு

இன்று டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். சிஸ்டர் அதை மொழிபெயர்க்கவே இல்லை. நான் விடுவேனா? மறந்துவிடக்கூடாது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்து சுஜிக்கு போன் போட்டேன்.

"சுஜி, குட் ஹேவ்-னா என்ன?"

"குட்-டுக்குப் பக்கத்துல ஹேவ் வந்தா, முன்னாடி நடந்திருக்க முடியும்னு அர்த்தம். ஆனா..."

"ஆனா?"

"ஆனா நடக்கல. இன்னும் கொஞ்சம் முன்னாடி போயிருந்தா பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாம்னு சொல்றோம்ல. பஸ் போயிடுச்சு. அதுக்கு வர்றது."

மாமா வீட்டில் குக்கர் விசில் அடிப்பது எனக்குக் கேட்டது.

"யாரும்மா கேட்டாங்க?"

"அதான், பக்கத்து சீட்டு அம்மா."

"சரிம்மா."

வழக்கமாக 'வச்சிடட்டா, வச்சிடட்டா' என்று ஐந்து தடவை கேட்டுவிட்டும் வைக்க மாட்டாள். இன்று உடனே வைத்துவிட்டாள். இங்கிலீஷ் பரீட்சை நெருங்குகிறதே, படிக்க வேண்டியிருக்கும்.

அவர் விழுந்ததற்கும் சாயங்காலம் சரிந்ததற்கும் நடுவில் இருந்த நேரத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். விழுந்தவர் எழுந்து இரண்டாவது ஸ்பீக்கரைக் கட்டாமல் இருந்திருந்தால். கீழே நின்ற ஒருத்தராவது, யோவ் போதும் இறங்கு என்று சொல்லியிருந்தால். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

நான் ஒரு மடச்சி.

லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் மொகந்தி சின்ன டாக்டர் ஒருவரோடு வந்தார். "ஐ மைட் ஹேவ் சம் டீ" என்றார். எனக்குக் காது அந்த வார்த்தைக்கே பழகிவிட்டதால் டக்கென்று திரும்பிப் பார்த்தேன். மைட் என்றால் குடித்தாலும் குடிக்கலாம் என்றுதானே சுஜி சொன்னாள்? மனிதர் கையில் பர்ஸை எடுத்துக்கொண்டு நேராக கேண்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே போனேன். டீ வாங்கினார், குடித்தார். அவருக்கு அது பேச்சுப் பழக்கம். சில பேர் வாய்க்கு வாய் 'வந்து' போடுகிற மாதிரி அவர் மைட் போடுகிறார்.

இதற்காகவா நான் நாள்நாளாகப் பட்டினி கிடந்தேன்? கேண்டீனிலேயே உட்கார்ந்து பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன். கோபத்தில் இரண்டு வடை.

ஏப்ரல் 2, புதன்

இங்கிலீஷ் தேர்வு. சுஜி சாயங்காலம் பேசினாள்.

"அம்மா, நீ கேட்டதெல்லாம் வந்துச்சு. மே, மைட் ரெண்டும். ரெண்டையும் கரெக்டா போட்டுட்டேன்."

"சமர்த்து."

"அம்மா, பக்கத்து சீட்டு அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"அவங்களைப் பயப்பட வேணாம்னு சொல்லு."

இந்தப் பெண்ணுக்கு ஊரில் உள்ளவர்கள் எல்லார் மேலும் இரக்கம்.

ஏப்ரல் 5, சனி

பவுனம்மாவின் மகனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கண் திறந்து, "எம்மா, பசிக்குது" என்றானாம். பவுனம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"இப்பத்தான் எந்தம்பி சொல்றான். வந்த மொத நாளே டாக்டரு அவன்கிட்ட, பையன் தேறமாட்டான், வீட்டுக்கு இட்டுனு போறதுன்னா போங்கன்னு சொல்ட்டாராம். எங்கிட்ட சொல்லாதீங்கன்னு இவன் கையைப் புடிச்சுக் கெஞ்சினானாம். எங்கிட்ட தெனம் பாக்கலாம் பாக்கலாம்னாங்க. நானும் நம்பினேன். கடசீல பாரு, எங்கிட்ட சொன்னதுதான் பலிச்சுது!"

"உங்க தம்பிகிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணா?"

"இன்னாம்மா தெரியாத மாரி கேக்கற? ஜென்ட்ஸ்கிட்டதான் நெசத்தைச் சொல்லுவாங்க. பொம்பளைங்க கத்திக் கலாட்டா பண்ணுவோம்ல."

என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் பாய் விரித்திருந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே யாரும் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாமா வருவதாகச் சொன்னார். வரவில்லை. இடுப்பு வலியாம்.

மாமாவுக்குப் போட்ட நாற்காலி நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று மதியம் "ஒன்பது!" என்று கூப்பிடும் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சிஸ்டர், "அம்மா, இருங்க, ஜென்ட்ஸ் யாராவது..." என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வழி நெடுக மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்த இங்கிலீஷைச் சொன்னேன்.

"டாக்டர், மை ஹஸ்பண்ட். வாட் யூ டோல்ட் ஹிஸ் பிரதர், டெல் மீ."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தரையைப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மேயும் இல்லை, மைட்டும் இல்லை, குட்டும் இல்லை. நாலைந்து சின்ன வாக்கியம்தான். இவர் எழுந்திருக்க மாட்டார். மூளை போய்விட்டது. மூச்சு மிஷினுடையது, இதயம் இன்னும் சில நாளில் நின்றுவிடும். யாரும் மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்தது.

இது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். மாமா வந்த அன்றே சொல்லிவிட்டாராம். பெண்ணுக்குப் பரீட்சை முடிகிற வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடியுங்கள், என் தம்பி மனைவியிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டாள் என்று மாமா கேட்டுக்கொண்டாராம். இரத்த அழுத்தம் விழும்போதெல்லாம் மருந்தைக் கூட்டிக் கூட்டித்தான் ஓட்டுகிறார்கள். குடும்பம் கேட்டுக்கொண்டால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று டாக்டர் சிஸ்டர் மூலமாகச் சொன்னார். நானும்தானே குடும்பம் என்று சொல்ல நினைத்தேன். வெளியே வந்து, மாமா முகம் கழுவிய அதே குழாயில் முகம் கழுவினேன். அழுதேன். நன்றாக அழுதேன்.

அப்புறம் மாமாவுக்கு போன் செய்தேன்.

"மாமா, டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு."

அவர் அழுகிற சத்தம் கேட்டது. அவர் அழுது நான் கேட்டதில்லை. "உன்னால தாங்க முடியாதும்மா. புள்ளைக்கு வேற பரீட்சை. நான் என்ன பண்ணுவேன்?"

"உங்க தம்பி பரீட்சை டைம் டேபிள் பாத்தா, மாமா, மூச்சு விடணும்?"

"என்னைத் திட்டு. எவ்ளோ வேணா திட்டு. சுஜிகிட்ட மட்டும் சொல்லிடாத. இன்னும் ரெண்டே பரீட்சைதாம்மா. சயின்சும் சோசியலும். உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்."

மூத்தார் என்னிடம் அப்படிச் சொன்னார். எனக்குத் திட்ட மனம் வரவில்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் என் புருஷன் போகிறார் என்பது அவருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும். நான் மட்டும் ஹாலில் உட்கார்ந்து மே, மைட் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொன்னால் சுஜி வெள்ளிக்கிழமை சயின்ஸ் எழுதுவாளோ மாட்டாளோ. ஒரு வருஷப் படிப்பு. சொல்லாவிட்டால், அவள் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுச் சந்தோஷமாகப் பேனாவை மூடிவிட்டு வருவாள். அதற்குள் அவர் போயிருந்தால், உடம்பைத்தான் பார்ப்பாள். சூடு இருக்கும்போது ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறதும் அவளுக்குக் கிடைக்காது. அதை அவளுக்கு வேண்டாம் என்று முடிவு செய்ய நான் யார், மாமா யார்?

காலையில் பார்த்தேன். பாதம் குளிர்ந்திருக்கிறது. உள்ளங்கை இன்னும் சூடாக இருக்கிறது.

ஹாலில் இருக்கிற ஒருவரிடம் போன் நம்பரைக் கொடுத்து, ஒன்பதைக் கூப்பிட்டால் எனக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்தேன். நாளைக்கு முதல் பஸ்.

ஏப்ரல் 9, புதன்

ஆரணி. மாமா வீட்டுக் கதவைத் திறந்தது அக்கா, மாமாவின் மனைவி. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "உள்ள படிக்குதும்மா, இப்ப வேணாம்" என்று கிசுகிசுத்தார். மாமா பின்கட்டிலிருந்து வந்து என் முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார்.

"மாமா, தள்ளுங்க."

"அம்மா குமுதா..."

"என் பொண்ணு மாமா."

விலகினார். சுஜி கட்டிலில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, ஓடி வரவில்லை. புத்தகத்தை மூடி, அடையாளத்துக்குப் பேனாவைக்கூட வைக்காமல் தள்ளி வைத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன், ஒன்றும் உதவவில்லை.

"சுஜி, அப்பா பிழைக்க மாட்டார்."

"தெரியும்மா."

"யார் சொன்னா?"

"நீதான்." அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. "அப்பா நல்லா இருந்தா நீ எதுக்கு மே-ன்னா என்ன, மைட்-ன்னா என்னன்னு கேக்கப் போற? குட் ஹேவ்-னு கேட்டியே, அன்னிக்கு நான் படிக்கவே இல்ல. பக்கத்து சீட்டு அம்மாவாம். உனக்குப் பொய் சொல்லத் தெரியலம்மா."

"ஏண்டி எங்கிட்ட கேக்கல?"

"நீ கஷ்டப்படுவியேன்னு."

அப்படியே என் மடியில் சாய்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதோம். அவள் அங்கே, நான் இங்கே, இத்தனை நாளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்கட்டும் என்று தனித்தனியாக உட்கார்ந்து தவித்திருக்கிறோம். வாசற்படியில் மாமா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் தெளிந்ததும் சுஜி கேட்டாள். "நான் அப்பாவைப் பாக்கணும். இன்னிக்கே. பாத்துட்டு வந்து சயின்ஸ் எழுதறேன்."

"எழுத முடியுமா?"

"தெரியல. போய்ப் பாத்தாதான் தெரியும்."

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று ராத்திரியே மாமாவோடு மூன்று பேரும் வந்து சேர்ந்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஐ.சி.யூவுக்குள் விடமாட்டோம் என்றார்கள். டாக்டரிடம் போனேன். அவர் சுஜியைப் பார்த்துவிட்டு, தானே பச்சை அங்கி எடுத்துக் கொடுத்தார். அங்கி அவளுக்குக் கணுக்கால் வரைக்கும் தொங்கியது.

தலைக்கட்டையும் குழாய்களையும் பார்த்ததும் பின்னால் ஒரு அடி வைத்தாள். அப்புறம் முன்னால் வந்தாள். டாக்டரைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் கேட்டாள்.

"சார், கேன் ஹி ஹியர் மீ?"

டாக்டர் யோசித்தார். பிறகு, "ஹி மே. ஐ டோன்ட் திங்க் ஸோ. பட் ஹி மே. நோபடி நோஸ்" என்றார்.

எனக்கு அந்த மே மேல் கோபம் வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னார். இத்தனை நாளில் அவர் சொன்னதிலேயே இதைத்தான் நான் முழுசாக நம்பினேன்.

சுஜி குனிந்து அவர் காதருகே பேசினாள். ஏதாவது அழுது சொல்வாள் என்று நினைத்தேன். அவள், "அப்பா, கீழத்தெருவுல காதுகுத்துக்குப் பந்தல் கேட்டு வந்தாங்க. பெரியப்பா ஆளுங்களை அனுப்பிட்டாரு. புது ஆம்ப்ளிஃபயரைத் தரல. பழசைத்தான் குடுத்தோம். நீ பயப்படாத" என்றாள். அப்புறம் கணக்குப் பேப்பரில் வந்த வரைபடக் கேள்வியைச் சொன்னாள். தமிழ்க் கட்டுரையில் என்ன எழுதினாள் என்று சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறிவிட்டது. அப்பன் குரல்தான் அவளுக்கு. அடுத்த பெட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நீ என்ன பேசுவ தினமும்?"

நான் விழித்தேன். ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண் விழித்தபின் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். சுற்றிலும் ஆட்கள் வேறு, புருஷனிடம் என்ன பேசுவது என்று கூச்சம்.

"பேசும்மா."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பத்தொன்பது வருஷம் இவரோடு இருந்தவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஏங்க" என்றேன். அப்புறம் வந்துவிட்டது. ஏன் இறங்காமல் இரண்டாவது ஸ்பீக்கரைக் கட்டினீர்கள் என்று திட்டினேன். நீங்கள் இல்லாமல் வீடு எப்படி இருக்குமோ, எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். நீங்கள் கத்திப் பேசினால் எனக்குப் பிடிக்கும், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். சுஜி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்து டாக்டரிடம், இனி மருந்தைக் கூட்ட வேண்டாம் என்று நானே சொன்னேன். சரியாகச் சொல்லிவிட்டேனா என்று சுஜியைப் பார்த்தேன். தலையாட்டினாள்.

மதிய பஸ்ஸில் மாமாவோடு ஊருக்குத் திரும்பினாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

சயின்ஸ் எழுதிவிட்டாள். நன்றாக இல்லை என்றாள். பரவாயில்லை என்றேன்.

ஏப்ரல் 12, சனி

சுஜி வந்துவிட்டாள். பவுனம்மா இருந்த இடத்தில் இரண்டு பேரும் பாய் விரித்துக்கொண்டோம். சமூக அறிவியல் புத்தகத்தையும் எடுத்து வந்திருக்கிறாள். திறக்கவில்லை. இரண்டு வேளையும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

விடியும்போது அவர் இறந்துவிட்டார். எனக்குத்தான் முதலில் சொன்னார்கள். நான் சுஜியை எழுப்பிச் சொன்னேன். அப்புறம் மாமாவுக்கு போன் செய்து நானே சொன்னேன்.

மாமா ஆரணியிலிருந்து வண்டி பிடித்து வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், சுஜிக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தி, "செவ்வாய்க்கிழமை சோசியல் பரீட்சை இருக்கே. எழுதுமா புள்ள?" என்று என்னிடம் கேட்டார்.

"பக்கத்துலதானே உக்காந்திருக்கா மாமா. அவளையே கேளுங்க" என்றேன்.